சோற்றைக் கடைசியில் சாப்பிடச் சொல்லும் ஹட்டன் கெரியர்

ஒரு மணி பத்துக்கு ஹட்டனிலிருந்து வரும் பஸ் எங்கள் பாடசாலை வளைவில் அரை நிமிடம் நிற்கும். கண்டக்டர் தம்பி இறங்கமாட்டான். ஜன்னல் வழியாக ஒரு துணிப்பையை நீட்டுவான். தரம் பத்துப் பையன் ஒருவன் ஓடிப்போய் வாங்கி வருவான். பைக்குள் மூன்று தட்டுச் சில்வர் கெரியர். மேல் மூடியில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் நீலப் பேனாவால் எழுதியிருக்கும்: "மரக்கறி முதல். மீன், பருப்பு அடுத்து. சோறு கடைசி."

முதல் நாள் ஸ்டாஃப் ரூமில் இதை வாசித்துவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். "என்ன டீச்சர், சாப்பாட்டுக்கும் டைம்டேபிளா?" என்று சங்கீத ஆசிரியர் கேட்டார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. மூன்று மாதம், அதாவது பாடசாலை நாள்களில் ஐம்பத்திரண்டு பெட்டி சாப்பிட்ட பிறகு இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. நல்லதோடு சில குறைகளும் சொல்லப் போகிறேன். ஒரு அக்காவும் அவருடைய மருமகளும் வீட்டுக் குசினியில் வைத்து நடத்துகிற சின்னத் தொழில் அது. ஹட்டன் டவுனில் "சுகர் சாப்பாடு போடுற அக்கா" என்று கேட்டால் ஓட்டோக்காரர்கள் காட்டிவிடுவார்கள்.

நான் ஏன் அங்கே போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயது 47. உயரம் 154 சென்ரிமீற்றர். போன மாசியில் நிறை 81.5 கிலோ. உடற்திணிவுச் சுட்டி, அதாவது உயரத்துக்கேற்ற நிறையைக் காட்டும் பி.எம்.ஐ., 34க்கு மேல். வெள்ளைக்காரருக்கு 25, 30 என்று கோடு போட்டிருந்தாலும், ஆசியர்களுக்கு 23இலேயே கவனம் வேண்டும், 27.5 தாண்டினால் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே சொல்லிவிட்டது. நம்மவர்களுக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றி ஏறுவதுதான் வழக்கம். பெண்களுக்கு இடுப்பு 80 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு 101.

மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.வன்.சி 6.3. சீனி வருத்தம் என்று சொல்ல 6.5 வேண்டும், நான் வாசற்படியில் நின்றேன். இரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைட் 212. ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு. இதெல்லாம் போக, மழைக்காலம் தொடங்கினால் மார்புக்குக் கீழே பங்கசுச் சொறி, அக்குளில் மாறி மாறிக் கட்டி. மற்றவர்களுக்கு நாலு நாளில் போகிற தடிமன் எனக்குப் பதினாலு நாள் நிற்கும். "உடம்புல எதிர்ப்புச் சக்தி இல்ல" என்று அம்மா கொத்தமல்லி அவித்துத் தருவார்.

விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான். நிர்ப்பீடனம், அதாவது நோய் எதிர்ப்புச் சக்தி என்ற பாடத்தை வருடா வருடம் கரும்பலகையில் வரைகிறவள். என் உடம்பில் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை எனக்கு விளங்கப்படுத்தியது கிளினிக் டொக்டர்தான். உடம்புக்குள் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சீ.ஆர்.பி. என்ற இரத்தச் சோதனை எழுதித் தந்தார். 3க்குக் கீழே இருக்க வேண்டியது, 6.8 வந்தது. "டீச்சர், உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாமலில்லை. அது தேவையில்லாத இடத்தில் நாள் முழுக்க வேலை செய்கிறது" என்றார்.

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டு அடுப்பில் ஈர விறகை வைத்தால் என்ன நடக்கும் என்று தோட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். நெருப்பு பிடிக்காது, வீடு முழுக்கப் புகை. தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வேண்டிய நேரத்தில் கொதிக்காது. கொழுப்பிழையம் அளவுக்கு மேல் வீங்கும்போது நடப்பது கிட்டத்தட்ட இதுதான். பருத்த எலிகளின் கொழுப்பே டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைச் சுரக்கிறது, இன்சுலின் வேலை செய்யாமல் போவதில் அதற்குப் பங்கு உண்டு என்று 1993இல் கண்டுபிடித்தார்கள். 2003இல் இன்னொன்று தெரிந்தது: பருத்த உடம்பின் கொழுப்புக்குள் தின்குழியங்கள் கூட்டங்கூட்டமாகக் குடியேறிவிடுகின்றன. கிருமியைத் தின்ன வேண்டியவை அங்கே உட்கார்ந்து புகைகின்றன. அந்தச் செய்தி ஈரலுக்குப் போகிறது, ஈரல் சீ.ஆர்.பி. போடுகிறது. உண்மையான கிருமி வரும்போது இந்தப் படை மந்தமாக இருக்கிறது. தடுப்பூசி போட்டும் பருமனானவர்களுக்கு இன்ஃபுளுவென்சா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட என்பதை 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. 2020இல் கொவிட் வந்தபோது யார் யார் ஒட்சிசன் கட்டிலுக்குப் போனார்கள் என்பதும் நமக்கு மறக்கவில்லை.

இந்தப் பேச்சோடுதான் அந்த அக்காவின் நம்பரை ஒரு நர்ஸ் எனக்குத் தந்தார்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன்.

திங்கள்: நாட்டுச் சிவப்பரிசிச் சோறு, போஞ்சிப் பிரட்டல், வல்லாரைச் சம்பல், கட்டிப் பருப்பு, இரண்டு துண்டு சாளை மீன் குழம்பு. சோற்றை வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன்: 140 கிராம். அதற்கு முந்திய கிழமை நான் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் சோற்றை நிறுத்தபோது 410 கிராம் இருந்தது. முதல் நாள் பெட்டியைத் திறந்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மரக்கறித் தட்டைக் காலி பண்ணியபோது அந்த எண்ணம் பாதி போய்விட்டது. வல்லாரைச் சம்பலில் தேங்காய்ப்பூ அளவாக, தேசிக்காய் தாராளமாக, மாசிக் கருவாட்டு வாசத்தோடு. இந்த விலைக்கு ஹட்டனில் இப்படியொரு வல்லாரைச் சம்பல் நான் சாப்பிட்டதில்லை.

செவ்வாய் கடலைக் கறியும் கோவா வறையும். வியாழன் பலாக்காய், கௌபி, நெத்தலிக் கருவாடு கொஞ்சம். எல்லா நாளும் மூடிபோட்ட சின்னக் கிண்ணத்தில் எருமைத் தயிர் நாலு கரண்டி, சீனியும் இல்லை, பாணியும் இல்லை. முதலில் நான் தயிரைத் தொடவே இல்லை. எருமைத் தயிர் என்றால் எங்களுக்குப் பாணி ஊற்றிச் சாப்பிடும் இனிப்புத்தானே. பிறகு சோற்றின் கடைசிப் பிடியோடு சேர்த்துக் கொண்டேன். அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில் 36 பேர் இருந்தார்கள். ஒரு பாதிக்கு நார்ச்சத்து கூட்டி, மறுபாதிக்குத் தயிர் போன்ற நொதித்த உணவு கூட்டிப் பத்துக் கிழமை கொடுத்தார்கள். நொதித்த உணவுக் குழுவில் இரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன, குடலில் நுண்ணுயிர் வகைகள் கூடின. அவர்கள் சுகதேகிகள், என்னைப் போல வாசற்படியில் நின்றவர்கள் அல்ல. அவர்கள் சாப்பிட்ட அளவும் நாலு கரண்டியைவிட மிக அதிகம். என்றாலும் கிண்ணத்தை நக்காத குறையாக வழித்துச் சாப்பிட அது போதுமான காரணமாக இருந்தது.

இப்போது அந்த நீலப் பேனா விஷயம்.

சோறு கடைசி என்பது நம் கைக்கு வராத காரியம். சோற்றைக் குழி பண்ணி, பருப்பை ஊற்றி, எல்லாவற்றையும் பிசைந்து உருட்டினால்தான் நமக்குச் சாப்பாடு. வல்லாரையை மட்டும் தனியே தின்னும்போது ஆட்டுக்குட்டி நினைவு வந்தது. உறைப்பு வேறு, கறிகள் எல்லாம் சோற்றுக்கென்று உப்பு, உறைப்புப் போட்டுச் சமைத்தவை. இரண்டாம் நாளே அக்காவுக்குப் போன் பண்ணினேன். "வெறும் கறி தின்ன நாக்கு எரியுதக்கா." அவர் சிரித்துவிட்டு, "உங்க பெட்டிக்கு மட்டும் தனியா உறைப்புக் குறைச்சு எடுத்து வைக்கிறேன் டீச்சர்" என்றார். மூன்றாம் நாளிலிருந்து அப்படியே வந்தது. இது சின்ன விஷயமில்லை. இருபத்தைந்து பெட்டி கட்டுகிற ஒருத்தி ஒரு ஆளுக்காகத் தனிச் சட்டி வைப்பதைப் பெரிய கடைகளில் எதிர்பார்க்க முடியாது.

இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கொழும்பில் தான் சமையல் செய்த வீட்டு டொக்டரம்மா சொன்னதாம். நியூயோர்க்கில் 2015இல் செய்த ஒரு சிறு ஆய்வை நான் பிறகு பார்த்தேன். சீனி வருத்தமும் பருமனும் உள்ள 11 பேருக்கு ஒரு நாள் பாணும் தோடம்பழச் சாறும் முதலில், பதினைந்து நிமிடம் கழித்துக் கோழியும் மரக்கறியும். வேறொரு நாள் அதே சாப்பாடு மாற்றி. மரக்கறியும் புரதமும் முதலில் போன நாளில் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு இரத்தச் சீனி 37 வீதம் குறைவாக இருந்தது. வெறும் 11 பேர்தான். ஆனால் செலவில்லாத வைத்தியம். நானும் வீட்டில் விரலைக் குத்தி இரண்டு நாள் பார்த்தேன். பிசைந்து சாப்பிட்ட நாளில் 178, கடைசியில் சோறு சாப்பிட்ட நாளில் 149. இதை ஆய்வு என்று சொல்லமாட்டேன். என் மாணவர்கள் இப்படி எழுதினால் புள்ளி குறைப்பேன்.

புதன்கிழமை குரக்கன் பிட்டு. இதில்தான் எனக்குக் கோபம் வந்தது. நிறம் கொஞ்சம் வெளிறியிருந்தது, வாயில் பசை மாதிரி ஒட்டியது. "எத்தனை பங்கு குரக்கன்?" என்று கேட்டேன். முதலில் "குரக்கன்தான் டீச்சர்" என்றார். மறுபடி கேட்டதும், "அரைக்கரை. கோதுமை மா போடலைன்னா உதிருது" என்றார். கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் கடையில் பெண்கள் நம் முன்னாலேயே குரக்கன் பலகாரம் செய்து தருகிறார்கள். அதைச் சாப்பிட்ட நாக்கு இது. மாவைக் கொஞ்சம் வறுத்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் குழைத்தால் உதிராது. அதைவிடப் பெரிய குறை, பெட்டியில் "100% குரக்கன்" என்று எழுதியிருந்தது. நான் எரிச்சலில் இரண்டு புதன்கிழமை பெட்டியைத் திருப்பி அனுப்பினேன். இப்போது மூன்றுக்கு ஒரு பங்கு கோதுமை மா, எழுத்தையும் மாற்றிவிட்டார். நம் தோட்டத்து உடம்புகளுக்கு ஏற்கனவே கோதுமை மாவில் ஒரு குறையும் இல்லை. விடியற்காலை ரொட்டி, பத்து மணிக்கு ரொட்டி, பின்னேரம் பணிஸ். குரக்கனென்று காசு கொடுத்து மறுபடி அதையே தின்ன வேண்டுமா?

வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு. அதில் சோயா மீட் வருகிறது. எனக்குப் பிடிக்காது. அவ்வளவுதான்.

அடுத்த குறை அந்தப் போத்தல். இரண்டாம் மாதத் தொடக்கத்தில் பெட்டியோடு ஒரு போட்டோகொப்பித் தாள் வந்தது. "எதிர்ப்புச் சக்தியை 7 நாளில் இரட்டிப்பாக்கும் மூலிகைப் பானம், 250 ரூபாய்." இஞ்சி, மஞ்சள், கொத்தமல்லி, கித்துள் பாணி. ஒரு போத்தல் வாங்கினேன். ருசி அபாரம், ஏனென்றால் பாதி பாணி. பாணி கித்துளிலிருந்து வந்தாலும் சீனி சீனிதான். ஒரு நாளைக்குச் சேர்க்கிற சீனி 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தப் போத்தல் ஒன்றே அதைத் தாண்டிவிடும். எனக்கு நிர்ப்பீடனத்தை "கூட்ட" வேண்டிய அவசியமும் இல்லை. டொக்டர் சொன்னபடி அது அடங்க வேண்டும். அக்காவிடம் இதைச் சொன்னபோது முகம் வாடிவிட்டது. "எல்லாரும் அதைத்தான் டீச்சர் கேக்குறாங்க. சாப்பாட்டைவிட அதுலதான் எனக்கு நாலு காசு நிக்குது." அதற்கு என்னிடம் பதில் இல்லை. தாளிலிருந்து "இரட்டிப்பு" என்ற சொல்லை மட்டும் எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார். போத்தல் இன்னும் விற்பனையில் இருக்கிறது.

கொழும்பில் வேலை செய்கிற என் கொழுந்தனார் சோற்றையே விட்டுவிட்டார். கீட்டோவாம். வீட்டுக்கு வந்தபோது பொங்கலைத் தொடாமல் முட்டையும் வெண்ணெயும் தின்றார். "அண்ணி, உங்க பெட்டி எல்லாம் பழைய முறை" என்றார். பழைய முறை, புது முறை என்பதல்ல விஷயம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களின் பெதஸ்தா மருத்துவமனையில் 20 பேரை நாலு கிழமை தங்கவைத்து, இரண்டு கிழமை மாவுச்சத்து மிகுந்த தாவர உணவும் இரண்டு கிழமை கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவும் கொடுத்துப் பார்த்தார்கள். 2024இல் வெளிவந்தது. இரண்டு கிழமைக்குள் இரத்தத்தில் நிர்ப்பீடனக் கலங்களின் போக்கே மாறிவிட்டது. தாவர உணவில், எந்தக் கிருமியையும் உடனே எதிர்க்கும் பிறவி நிர்ப்பீடனப் பக்கம் கூடுதலாக வேலை செய்தது. கீட்டோவில், குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு தாக்கும் ரி, பி கலங்களின் பக்கம். எது நல்லது என்று அந்த ஆய்வு தீர்ப்புச் சொல்லவில்லை. சாப்பாடு இவ்வளவு சீக்கிரம் உள்ளே போய்க் கை வைக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கொழுந்தனாருக்கு இதைச் சொன்னேன். அவர் இன்னொரு முட்டை எடுத்துக்கொண்டார்.

அதே மருத்துவமனையில் அதற்கு முன்னால், 2019இல் இன்னொரு ஆய்வு. மறுபடி 20 பேர். பக்கெட்டில் வரும் தொழிற்சாலைச் சாப்பாடு இரண்டு கிழமை, வீட்டில் சமைப்பது போன்ற சாப்பாடு இரண்டு கிழமை. வைத்த சாப்பாட்டில் சீனி, கொழுப்பு, நார் எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு, எவ்வளவும் சாப்பிடலாம். தொழிற்சாலைச் சாப்பாட்டில் நாளுக்குச் சராசரியாக 500 கலோரி கூடுதலாகத் தின்று, இரண்டு கிழமையில் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறினார்கள். இதை வாசித்தபோது எனக்கு எங்கள் கன்டீன் ஞாபகம்தான் வந்தது. பெட்டி வருவதற்கு முந்திய காலத்தில் ஒரு மணிக்கு எனக்கு இரண்டு ரோல்ஸ், ஒரு மாலு பணிஸ், சீனி அதிகம் என்று சிவப்பு வட்டம் போட்ட ஒரு குளிர்பானம். அந்தப் பெட்டி எனக்குச் செய்த முதல் உபகாரம் அதில் என்ன இருக்கிறது என்பது அல்ல. ஒரு மணிக்கு நான் கன்டீனுக்குப் போகவில்லை என்பது.

பன்னிரண்டு கிழமைக்குப் பிறகு: நிறை 77.9 கிலோ. இடுப்பு 97. எச்.பி.ஏ.வன்.சி 6.0. ட்ரைகிளிசரைட் 158. சீ.ஆர்.பி. 4.9, இன்னும் கூடத்தான், 3க்குக் கீழே வரவேண்டும். அக்குளில் கட்டி வரவில்லை, ஆனால் மழையும் இன்னும் சரியாகத் தொடங்கவில்லை. இதெல்லாம் பெட்டியின் புண்ணியம் என்று சொன்னால் பொய். நாளுக்கு ஆறு பிளேன்டீ குடிப்பவள், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. கரண்டிக்கு ஐந்து கிராம் என்றாலும் 60 கிராம். அதை அரைக் கரண்டியாக்கிவிட்டேன். பின்னேரம் ஸ்டேஷன் வரை நடக்கிறேன். எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

விலை 450 ரூபாய், பஸ்காரத் தம்பிக்கு 30. எனக்குக் கட்டுப்படியாகிறது. ஒரு விடுமுறை நாளில் ஒரு பெட்டியைத் தோட்டத்துக்கு அம்மாவிடம் கொண்டு போனேன். திறந்து பார்த்துவிட்டு, "என்னடி இது, கோழிக்குத் தூவுற அளவு சோறு" என்றார். விலையைக் கேட்டதும் பேச்சே வரவில்லை. 2024இல் நிர்ணயித்த தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளத்தின் அடிப்படை அப்போது 1,350 ரூபாயாக இருந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு. அம்மா வாழ்க்கை முழுக்க மலையேறிக் கொழுந்து எடுத்தவர், ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்றும் ஒல்லியாகவே இருந்தார். வேலையிலிருந்து நின்றபிறகு அதே ரொட்டியைத் தின்று இப்போது அவருக்கும் பிரஷர், சீனி இரண்டும். அவருக்கு இந்தப் பெட்டி தீர்வில்லை. அன்று அவர் லயத்துப் பின்னால் இருந்த பொன்னாங்காணியைப் பிடுங்கி, முதல் நாள் ஊறப்போட்ட கடலையோடு சுண்டி, "இது என்ன குறைச்சல் உன் பெட்டிக்கு?" என்று வைத்தார். ஒரு குறையும் இல்லை. உப்பு மட்டும் கூட.

இப்போது நான் திங்கள், செவ்வாய், வியாழன் மட்டும் எடுக்கிறேன். எடுக்க நினைப்பவர்களுக்கு: காலை ஏழரைக்கு முன்னால் வட்ஸ்அப்பில் சொல்ல வேண்டும். ஞாயிறும் போயாவும் இல்லை. ரோட்டில் மண் சரிந்தால் பெட்டி மூன்று மணிக்குத்தான் வரும், காசு திரும்பாது. உறைப்புக் குறைக்கச் சொல்லுங்கள், கேட்டால் செய்வார். பருப்பை மேல் தட்டில் வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். அந்த மூடி சரியாகப் பூட்டாது, கொட்டகலை வளைவுகளில் பாதி என் சாரிக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.